வானத்தில் ஸ்டியரிங் ஒடித்தவர்

லாரிக்காரர் தன் தங்கைக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். வாழ்நாளில் அவர் கைநீட்டி வாங்கிய ஒரே கடன் அது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, கிளீனராக ஏறி, ஆறு லாரிக்கு முதலாளி ஆனவர். அவர் ஓட்ட முடியாத வண்டி இனிமேல்தான் செய்யப்பட வேண்டும்!

லாரிகளை மகன்கள் பேருக்கு எழுதி வைத்த பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், விமானம் ஓட்டக் கிளம்பினார். தனியாக ஒரே ஒரு தடவை மேலே போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான். மகன்கள் சிரித்தார்கள். தங்கைதான் தையல் காசை எடுத்துக் கொடுத்தாள்.

"விழுந்துட்டா யாருகிட்டண்ணே வசூல் பண்றது?"

"விழுறவன் மூஞ்சியா இது?"

தனியாக விடுவதற்கு முன் ஒரு பாடத்தில் தேற வேண்டியிருந்தது. மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தால், ஒரு கட்டத்தில் விமானத்தைக் காற்று தாங்காது. ஒரு இறக்கை சரியும். அப்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது. எஞ்சின் விசையைக் குறைத்து, எதிர்ப்பக்க மிதியை அழுத்தி, கைப்பிடியை நேராக முன்னால் தள்ள வேண்டும். தரையில் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார். மேலே போனால், நாற்பது வருஷம் லாரி ஓட்டிய கை அவர் பேச்சைக் கேட்காது. இடது இறக்கை சரிந்ததுமே வலது பக்கம் ஒடித்துவிடும். சரிந்த இறக்கை இன்னும் மோசமாகி, விமானம் பம்பரமாகச் சுற்றும்.

"கைய எடுங்கய்யா, நான் பாத்துக்கறேன்" என்பார் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர், மகள் வயதுப் பெண்.

ஆறு தடவை இப்படியே ஆனது. ஏழாவது தடவை இரண்டே விரலால் பிடித்துப் பார்த்தார். அந்த இரண்டு விரலும் திருப்பின.

இறங்கியதும் பயிற்சியாளர் சொன்னார்: "இனிமே வேண்டாங்கய்யா. நீங்க தனியாப் பறக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மலையில பிரேக் இல்லாம லாரி இறக்கினவன்மா நான்."

"அதனாலதான் சொல்றேன். பயந்திருந்தா ஒரு நொடி கை நின்னுருக்கும். உங்க கை நிக்கவே இல்ல."



மறுவாரம் மூத்த மகனின் லாரியில் சம்பள டிரைவராக ஏறினார். பதினாறு மாதம் ஓட்டினார். விமான நிலையத்தின் பக்கம் சரக்கு வந்தால் மட்டும் வேறு டிரைவரை அனுப்பச் சொல்வார்.

கடைசியில் ஒரு மத்தியானம் சேர்த்த பணத்தோடு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் தையல் மிஷினை நிறுத்தினாள்.

"இத வச்சு இன்னொரு தடவை போய்ப் பாரேன்ணே."

"இந்தக் கை அதுக்கு ஆகாது. உன் கைய நீட்டு."

நீட்டிய கையில் ஒவ்வொரு நோட்டாக, எண்பதாயிரத்தையும் எண்ணி வைத்தார்.