குடுவையில் ஒட்டியிருந்த அழுக்கு

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்லூரியில் மருந்தியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மூட்டுவலிக்கு மாத்திரை தின்று தின்று அம்மாவுக்கு வயிறு புண்ணாகிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகளுக்குள் மருந்தை அடைத்துத் தோலில் தடவலாம் என்று படித்ததும், அதையே ஆய்வுக்கு எடுத்தேன். சோப்பின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளும் கொழுப்பும் தண்ணீரில் தாமாகவே சேர்ந்து பையாகிவிடும். நியோசோம் என்று பெயர்.

எனக்கு மட்டும் ஆகவில்லை. இரண்டையும் மருந்தோடு குளோரோஃபார்மில் கரைத்து, ஆவியாக்கி, குடுவைக்குள் மெல்லிய படலமாக ஒட்டவைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். திரிந்த பால்போலக் கட்டிகட்டியாக மிதக்கும். மூன்று மாதம் இதே கதை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இதை விட்டுப்போட்டு மாத்திரை செய்யுங்க அம்மணி," என்றார் என் பேராசிரியர். அம்மாவின் வயிற்றைக் கெடுத்ததே மாத்திரைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை கடைசிப் படலத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா என் குடுவையைச் சுழற்றிச் சுழற்றி அலசிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க்கா பண்றீங்க?" என்று கத்தியே விட்டேன்.

"ஏனுங்கம்மணி, உள்ள அழுக்கு ஒட்டீட்டு இருந்துச்சுங்க. பச்சத்தண்ணிக்குப் போகலீங்க. அதான் சுடச்சுட ஊத்தி அலசறேனுங்க."

அழுக்கைக் கண்டால் விட்டுவைக்க மனசு வராத மனுஷி. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுக் குடுவையைப் பிடுங்கினேன். கீழே கொட்டப் போனவள் அப்படியே நின்றேன். கட்டியே இல்லை. பசும்பால் மாதிரி ஒரே சீராக வெள்ளை.

ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். வட்டம் வட்டமாகப் பைகள். நான் செய்முறை எடுத்த ஆய்வுக் கட்டுரையின் மங்கிப்போன நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீரின் சூடு அறுபது டிகிரி. நான் அதை முப்பது என்று படித்திருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இன்னும் பொடுசா உடைக்கோணும். ஆனா பை வந்துபோச்சுங்க. இதையே செய்யுங்க."

நேராகக் கழுவும் தொட்டிக்கு ஓடினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தப்பு என்னுதுதானுங்க்கா, மன்னிச்சுக்கங்க. திங்கக்கிழமை இன்னொண்ணு போடறேன். அதையும் நீங்களே கழுவிக் குடுங்க."

முந்தானையில் கையைத் துடைத்தார்.

"வையாம இருந்தீங்கன்னா வாரேனுங்க," என்றார்.