கேட்டுச்சுங்க

என் அப்பா ஒரு பித்தலாட்டக்காரர். மீனாட்சிபுரத்துப் பால் சொசைட்டி வரிசையில் நின்றுகொண்டு, "எம் புள்ளைக்கு மிசினு மாட்டுன அன்னிக்கே காது கேட்டுருச்சுங்க" என்று இன்றைக்கும் பெருமையடிக்கிறார். பொய்.

அந்தப் பிள்ளை நான்தான். பிறவியிலேயே எனக்குக் காது சரியில்லை. நாலரை வயதில் பாலக்காட்டில் இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டினார்கள். கேட்கப் பழக்குவதற்கு அங்கிருந்த மேடம் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அம்மா முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு சத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு உதடு தெரியக் கூடாது. கேட்டால் நான் ஒரு புளியங்கொட்டையைச் செம்புக்குள் போட வேண்டும்.

மூன்று நாள் ஒரு கொட்டையும் விழவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவார்.

நாலாம் நாள் அப்பா பால் கறந்த கையோடு அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றார். முறத்துக்குள் அம்மா "பா" என்றதும் புருவத்தைத் தூக்கினார். போடு என்று கண்ணால் செம்பைக் காட்டினார். போட்டேன். அம்மா முறத்தை வீசிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

மூன்று மாதம் இதே கூத்து. புருவம் ஏறும், கொட்டை விழும். கேட்பது என்றால் அப்பாவின் புருவத்தைப் பார்ப்பது என்றே நினைத்திருந்தேன். "எல்லாங் கேக்குதுங்க" என்று அம்மா மேடத்துக்குப் போனில் சொன்னதால் மிஷினை யாரும் சரிபார்க்கவில்லை. அதில் சத்தத்தைக் குறைவாக வைத்திருந்தார்கள். அம்மாவின் மெல்லிய குரல் எனக்கு எட்டவே இல்லை.

பிறகு பாலக்காட்டில் பரிசோதனை நாள். செம்பும் கொட்டையுமாகப் போனோம். காது கேட்கிறது என்று மேடம் எழுதிக் கொடுத்தால் ஊர்ப் பள்ளிக்கூடம். இல்லையென்றால் தூரத்து ஹாஸ்டல்.

மேடம் கெட்டிக்காரர். இரண்டு கொட்டை விழுவதற்குள் புருவத்தைப் பிடித்துவிட்டார். அப்பாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வாய்க்கு முன்னால் அட்டையைப் பிடித்தார். நான் சுவரைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். எங்கேயும் புருவம் இல்லை. கைக்குள் கொட்டை வியர்த்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேடிக்கண்டா மோளே, கேட்டோ?" என்றார் மேடம். மலையாளத்தில், பயப்படாதே மகளே, சரியா என்று அர்த்தம்.

வெளியிலிருந்து அப்பா, தென்னந்தோப்புக் கோடியில் மேயும் மாட்டைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: "கேட்டுச்சுங்க!"

டங்.

கொட்டையைப் போட்டது நான்தான். கதவு சாத்தியபடியே இருந்தது.

மேடம் சிரித்துக்கொண்டே அப்பாவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு தடவையும் கொட்டை விழுந்தது. அதே வார்த்தையை அம்மா சொன்னபோது விழவில்லை. மேடத்துக்கு விஷயம் புரிந்தது. மிஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துச் சத்தத்தைக் கூட்டினார். என் முதுகுக்குப் பின்னால் அம்மா "கண்ணு" என்றார். திரும்பினேன். அம்மாவுக்குக் குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, மூணு மாசமா என்னைய ஏமாத்திப்போட்டீங்களே!"

"நீ தெனமும் அழுவோணும், நான் பாத்துட்டு நிக்கோணுமாக்கு?"

"உள்ளார அந்தம்மா பேசுனா நீங்க எதுக்குக் கத்துனீங்க?"

"கேட்டோன்னாங்க. கேட்டுச்சுங்கன்னேன். எனக்கென்ன மலையாளமா தெரியும்?"

மாட்டு வியாபாரிகளிடம் மலையாளத்தில் மணிக்கணக்காக வாயாடுகிற மனுஷன் சொன்ன பதில் இது. எனக்கு அன்றைக்கு எதுவும் புரியவில்லை; எல்லாம் அம்மா பிறகு சொன்னதுதான். செம்பில் எத்தனை கொட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிறேன் அப்பா. அன்றைக்குக் கத்தியது இன்னொரு பித்தலாட்டமா? அல்லது உங்கள் குரல் மட்டும்தான் எனக்கு எட்டுகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? நாளைக் காலையில் நானும் சொசைட்டிக்கு வருகிறேன். பால் ஊற்ற வந்த எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள் அப்பா. வெட்கமாக இருந்தால் துண்டால் வாயை மறைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கும்.