உள்ளங்கையில் படுத்த தேங்காய்

மட்டை உரித்து, குடுமி விட்டு, குங்குமம் வைத்த ஒரு தேங்காய். அதை ஏந்தியபடி விஜயபுரத்தில் எங்கள் கிணற்று மேட்டில் என் அப்பா, நைனா, காத்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நிலத்தில் நடந்தால், தண்ணீர் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண்ணடுக்கு பார்க்கத் திருப்பதிக் கல்லூரியிலிருந்து நான் கூட்டி வந்த நிலவியல் மேடத்தை, தண்ணீர் பார்க்க வந்தவர் என்று நைனா நினைத்துவிட்டார்.

நான் அதே கல்லூரியில் வரலாறு நடத்துபவள். பஸ்ஸில் வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. மனிதன் பூமியையே மாற்றிவிட்டான், இது ‘ஆந்த்ரோபசீன்’, மனிதர் யுகம், அதன் தடம் பாறையிலும் பதியும் என்றார் மேடம். எந்த மனிதன் என்று எரிந்து விழுந்தேன். கூலி வேலை செய்து, அரசு கொடுத்த கல்லாங்காட்டில் கிணறு வெட்டிய என் நைனாவும், மலையை அறுத்துக் கப்பலேற்றியவனும் ஒன்றா?

வற்றிய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மேடத்துக்கு ஒரே பரவசம். மழை அடித்து வந்த மண், அதன்மேல் பால் கவர், மறுபடி மண், மறுபடி கவர். “பாத்தீங்களா, அடுக்கு!” என்றார். சுற்றிலும் போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சிய பிறகு கிணறு ஊர்க் குப்பைக் குழியாகியிருந்தது. தம்பி ஏற்கெனவே சென்னைக்குப் போய்விட்டான். தண்ணீர் கிடைக்காவிட்டால் நைனாவும் நிலத்தை விட்டுப் போக வேண்டியதுதான்.

நைனா தேங்காயை நீட்டினார். “அதெல்லாம் இர்க்கட்டும் மேடம். தண்ணி எந்தாண்ட கீதுன்னு பாத்து சொல்லுங்கோ.”

மேடம் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காயை வாங்கி உள்ளங்கையில் படுக்க வைத்து நடக்கத் தொடங்கினார். அது நம்பிக்கையில்லாத கை என்று எனக்குத் தெரியும். “மெதுவா போங்கோ, மெதுவா” என்று அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் நைனா பின்னாலேயே போனார். வேலி வரை போய்த் திரும்பினார்கள். தேங்காய் படுத்தே கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது கருத்தரங்குகளில் ‘ஆந்த்ரோபசீன்’ என்ற அந்தச் சொல்லைப் பற்றி நானே மணிக்கணக்கில் பேசுகிறேன். பேசி முடித்தும் மனம் ஆறுவதில்லை. நிலத்தை விற்றுவிட்டு நைனா சென்னையில் தம்பி வீட்டு மூன்றாம் மாடியில் இருக்கிறார். குடிக்கக் கேன் தண்ணீர். போன வாரம் போயிருந்தேன். சட்னிக்கு வாங்கி வைத்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை.

“சத்தம் போடாதம்மா, பாத்துக்கினு கீறேன்” என்றார்.