சபாரத்தினம் அரைக்க மறுத்த தேயிலை

சபாரத்தினத்துக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். 1996இல் நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில் தேயிலைப் பை அடைக்கும் கம்பனியில் அந்த மூக்கு தினமும் சிவந்தது. சிவக்காதா பின்னே? இலங்கை மலைநாட்டில் பத்தொன்பது வருடம் கொழுந்தைத் தேயிலையாக்கும் டீமேக்கராக இருந்த மனிதர். சுவைத்துத் தரம் சொல்லும் டேஸ்டர் வேலை கேட்டபோது, "நியூசிலாந்து அனுபவம் இல்லையே" என்று மேலாளர் கையை விரித்தார். கொடுத்தது பெட்டி தூக்கும் வேலை. டேஸ்டர் நாற்காலியில் கிரெய்க் உட்கார்ந்திருந்தான். முந்தின வருடம்வரை அவன் விற்றது பெயிண்ட்!

ஒரு செவ்வாய்க்கிழமை தைவானிலிருந்து பன்னிரண்டு பெட்டி உயர்மலை ஊலாங் தேயிலை வந்தது. கிரெய்க் வழக்கம்போல் கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் ஊறவிட்டு, பால் கலந்து உறிஞ்சினான்.

"புல் கஷாயம். அரைத்து மலிவுப் பைகளில் கலந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சபாரத்தினம் ஒரு பெட்டியைத் திறந்து முகர்ந்தார். பனிக்குளிரில் மெல்ல வளர்ந்த கொழுந்து அது. வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் குலுக்கி, ஓரம் மட்டும் சிவக்கிற பதத்தில் சூடு காட்டி நிறுத்தி, துணியில் கட்டி மணிமணியாக உருட்டியிருந்தார்கள். அதை அரைப்பதாம்!

அரைக்கும் இயந்திரத்தருகே நின்ற மலேசியாக்காரி சீதாதேவி பதறினாள். "அண்ணே, சுவிட்ச போடுங்க. வேலை போயிடும்லா!"

"போகட்டும் பிள்ளை. நான் போடமாட்டன்."

மங்கரே வீட்டில் மனைவி ரதிதேவியும் இரண்டு பிள்ளைகளும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். அது தெரிந்தும் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

விஷயம் கேட்டு மேலாளர் தாம்தூம் என்று வந்தார். சபாரத்தினம் அவரை இடைவேளைக்கு ஒதுங்கும் ஸ்மோக்கோ அறைக்கு அழைத்துப்போனார். ஒரு பிடி தேயிலையைச் சிறிய கேத்தலில் போட்டு, சுடுநீரில் ஒருமுறை அலசிக் கொட்டினார். கொதி அடங்கிய நீரை விட்டு, நாற்பதுவரை எண்ணி வடித்தார். பாலை எடுக்கப்போன மேலாளரை ஒரு பார்வையிலேயே நிறுத்தினார்.

மேலாளர் குடித்தார். முதலில் பூவாசம், நாக்கில் வெண்ணெய் வழவழப்பு. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து இனிப்பு ஏறி வந்தது. கோப்பையை மறுபடி நீட்டினார். மூன்றாம் வடிப்பில் மணிகள் முழு இலைகளாக விரிந்து கேத்தலை நிறைத்திருந்தன.

"இதை எங்கே படித்தாய்?"

"ஒரு தைவான்காரர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து ஆறு மாதம் செய்து காட்டினார். என் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது."

முதல் பக்கத்தைத் தாண்டாத மேலாளர் தரையைப் பார்த்தார்.

"சரி, அரைக்க வேண்டாம். நாளைக்கு கிரெய்க்குக்கு இதெல்லாம் சொல்லிக்கொடு. பிறகு பெட்டிகளைப் பார்."

மூக்கு பழுக்கச் சிவந்தது. "படிக்கிறவனுக்கு நாற்காலி, படிப்பிக்கிறவனுக்குப் பெட்டியா? சொல்லிக்கொடுக்க மட்டும் நியூசிலாந்து அனுபவம் வேண்டாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேலாளர் பழக்கதோஷத்தில் கோப்பையை நீட்டினார். சபாரத்தினம் நாலாம் வடிப்பைத் தன் கோப்பையில் ஊற்றி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை தானே குடித்தார்.