சேகு காக்காவின் சிவப்புப் பொட்டுக் குவளைகள்

காலை முதல் மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கல்லூரி வராந்தாவில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ரோடு போடும் மாயாண்டி மேடேறி ஓடி வந்தான். பதினைந்து வருஷமாக அவனைப் பார்க்கிறேன், ஓடி வந்து அன்றுதான் பார்த்தேன்.

"சவரி அண்ணே, சேகு காக்கா மௌத்தாயிட்டாரு. காலைத் தொழுகை முடிச்சு அடுப்பு பத்த வச்சாராம். அப்படியே சாஞ்சுட்டாரு."

கயிறு என் கையிலேயே நின்றுவிட்டது. ஜொகூர் பாருவில் என் மணியைக் கேட்டுத்தான் சுங்கச் சாவடியிலேயே கடிகாரத்தைத் திருத்துவார்கள். அந்த மணி அன்று பதினோரு நிமிடம் தாமதமாக அடித்தது. கல்லூரித் தலைவரான பெரிய துரை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மலையடிவாரத்து அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் சேகு மரைக்காயர் கையால் தேநீர் குடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இன்று பெரிய நாற்காலிகளில் இருக்கிறீர்கள். அந்தக் கொட்டகையில் குந்தித் தின்றதை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, நான் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியைக் கல்லூரி என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் மணியடித்த காலத்தில் அது சர்வகலாசாலைதான். படித்தவர்கள் அத்தனை பேருக்கும் பசித்தது. பசித்தவர்களுக்கு இரண்டே வழி. மலையின் இந்தப் பக்கம் இறங்கினால் காக்கா கடை. அந்தப் பக்கம் கடலோர ரோட்டில் இறங்கினால் 'கிரீன் பார்லர்'.

பார்லரைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன், வாய் கசக்கிறது. சிங்கப்பூருக்குப் பாலம் போட்ட கையோடு திறந்தார்கள். வெள்ளை மேசைவிரிப்பு, தொட்டியில் பனைச்செடி, பியானோ. அந்தப் பியானோவை வாசித்தவன் ஒருவனுமில்லை, அதன் மேல் தொப்பி வைப்பார்கள். சாப்பாட்டுச் சீட்டில் இருக்கும் பெயர்களைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு மணி அடிக்கும் நேரமாகிவிடும். தட்டில் வந்து இறங்குவது என்னவோ நாலு விரல் அகல ரொட்டி. அதைக் கத்தியால் அறுத்து, முள்கரண்டியால் குத்தி, உதட்டைத் துணியால் ஒற்றி, கூலி வாங்கியதுபோல 'தேங்க்யூ' என்று சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியில் காக்கா கடையில் நுழைந்து மூன்று பரோட்டா தின்ற வாத்தியார்களை நான் எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கை வெளியிட்டால் கல்லூரியே மூடிவிடும்.

காக்கா ஒருமுறை அந்த ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார். "வெள்ளரிக்காய உள்ள ஒளிச்சு வச்சுட்டு நம்மளக் கண்டுபிடிக்கச் சொல்றான், வாப்பா" என்றார். அதோடு மூடி வைத்துவிட்டார்.

அவருக்கு எதன் மேலும் மரியாதை கிடையாது. உயரம் குறைவு, கைலி முழங்காலுக்கு மேல், நாக்கு மட்டும் நீளம். கடையில் உள்ளே ஒரு சலவைக்கல் மேசை. அதில் உட்காருவோர் வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், நான். வெளியே ரோட்டைப் பார்த்து ஒரு பலகை பெஞ்சு. அதில் மாயாண்டியும் அவனோடு ரோடு போடும் ஆட்களும். காக்கா ஒரே கெட்டிலிலிருந்து எல்லோருக்கும் ஊற்றுவார், ஒரே வாளியில் எல்லாக் குவளையையும் கழுவுவார். அவருடைய மீன்கறியின் வாசனைக்கு சுல்தான் அரண்மனைக் கார்கூட வேகத்தைக் குறைக்கும். நானே பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன்.

அந்த மீன்கறிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்லரின் மேசைக்கு வேறு பெயரில் போனது. உங்களில் யாருக்கும் இது தெரியாது. மெர்சிங்கிலிருந்து வந்த மீன், காக்கா வைத்த குழம்பு. பின்வாசல் வழியாகப் போய், வெள்ளிப் பாத்திரத்தில் முன்வாசல் வழியாகத் துரைமார்களிடம் போகும். பானையை ஒரு பக்கம் அவர் பிடிப்பார், மறுபக்கம் நான். பாரமெல்லாம் என் பக்கம்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்லர் சமையற்கட்டில் பானையை இறக்கியபோது காக்கா அலமாரியைப் பார்த்தார். மேல் தட்டில் பொன் விளிம்பு போட்ட மெல்லிய கோப்பைகள். கீழ்த் தட்டில் நீல விளிம்பு போட்ட தடித்த கோப்பைகள்.

"இது ஏன் தனி?" என்று அங்கிருந்த சீனச் சமையற்காரரிடம் மலாயில் கேட்டார்.

சமையற்காரர் மேல்தட்டைக் காட்டி, "துவான்" என்றார், அதாவது துரைமார். கீழ்த்தட்டைக் காட்டி, "மற்ற ஆள்" என்றார்.

அந்த நேரத்தில் முன்கூடத்தில், பனைச்செடிக்குப் பின்னாலிருந்த மூலை மேசையில், எங்கள் கல்லூரித் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் நாங்கள் இருவரும் பார்த்தோம். சுண்டு விரலை நீட்டியிருந்தார். கோப்பையில் நீல விளிம்பு.

காக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "கிராணிக்குப் பசி வயித்துல இல்லப்பா. பக்கத்து மேசையில இருக்கு."

பெரிய கிராணியின் பெயரை எழுதமாட்டேன். கல்லூரி ஆபீஸில் துரைக்கு அடுத்தது அவர்தான். நம் தமிழர். சாதியில் உயர்ந்தவர் என்று அவரே நம் எல்லோருக்கும் தெரிவித்திருந்தார். காக்கா கடை நின்ற நிலம் கல்லூரியுடையது. வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸிலிருந்து ஒரு அனுமதிக் கடிதம் வந்தால்தான் கடை நிற்கும். அந்தக் கடிதத்தை எழுதுகிற பேனா கிராணியின் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்த வாரமே அவர் கடைக்கு வந்தார். குடையை மடக்காமலேயே பேசினார்.

"மரைக்காயரே, பார்லரில் பார்த்திருக்கிறீரா? கண்ணியமானவர்களுக்குத் தனிக் கோப்பை வைத்திருக்கிறான். நானே அதில்தான் குடிக்கிறேன். இங்கே ரோட்டுக் கூலி வாய் வைத்த குவளையில் எனக்கு ஊற்றுகிறீர். இந்த மாதம் கடிதம் எழுத வேண்டும். தனிக் குவளை வையும், இல்லையென்றால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் பாரும்."

காக்காவின் முகம் கறுத்தது. பொன்னும் நீலமும் அவர் நாக்கு நுனி வரை வந்ததை நான் பார்த்தேன். சொல்லியிருந்தால் அன்றோடு கடை போயிற்று. அவருக்கு அந்தக் கொட்டகையை விட்டால் இந்த நாட்டில் வேறு கூரை கிடையாது. விழுங்கிக்கொண்டார். அவர் ஒரு சொல்லை விழுங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

கிராணி போனதும் நான் யோசனை சொன்னேன். "அலமாக், இதுக்குப் போயி கவலையா காக்கா? உள்ள இருக்கிற எங்க கிளாஸுக்கு மட்டும் விளிம்புல செவப்பா ஒரு கோடு போட்டுடுங்க. ஆச்சு, தனி கிளாஸு."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அப்போது அது பாராட்டு என்று தோன்றியது.

"வாய் வைக்கிற எடத்துல பெயிண்டா?" என்றார். "அடியில ஒரு பொட்டு வைக்கிறேன்."

அப்படித்தான் ஆயிற்று. கிராணி தினமும் பத்து மணி இடைவேளையில் வருவார். ஊற்றுவதற்கு முன்னால் குவளையைத் தூக்கி, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல அடிப்பக்கத்தைப் பார்ப்பார். சிவப்புப் பொட்டு இருக்கும். தலையை ஆட்டுவார். நானும் என் குவளையைத் தூக்கிப் பார்ப்பேன். எனக்கும் பொட்டு இருக்கும். நானும் ஆட்டுவேன். கடிதம் வருஷா வருஷம் வந்தது. கடையைக் காப்பாற்றியது நான்தான் என்று பெக்கோக்கிலிருந்து செனாய் வரை சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒரே ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஊரில் எல்லாக் கடையிலும் கழுவிய குவளையைக் கவிழ்த்து வைப்பார்கள். காக்கா மட்டும் துடைத்து நிமிர்த்தியே அடுக்குவார். ஈ உட்காரும்.

"கவுத்து வைங்க காக்கா, சுத்தமில்ல" என்பேன்.

"தலைகீழா நிக்கிறது கிராணிமாரு வேல. கிளாஸுக்கு எதுக்குலா?" என்பார்.

ஒருநாள் கிராணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே மேசையிலிருந்தே வெளியே பெஞ்சைப் பார்த்தார். "அந்தக் குவளைகளும் இதே மாதிரிதானே இருக்கின்றன? அவற்றில் பொட்டு இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?"

கடிதம் எழுதும் மாதம் அது.

காக்கா கெட்டிலைக் கீழே வைத்தார். "தாராளமாப் பாக்கலாம் ஐயா. மாயாண்டி, ஒன் கிளாஸைக் கொண்டா."

மாயாண்டி உள்ளே வந்தான். கையில் பாதி குடித்த தேநீர், விளிம்பில் அவன் வெற்றிலை வாயின் சிவப்பு. கிராணிக்கு முன்னால் நீட்டினான்.

"கவிழ்த்துக் காட்டச் சொல்லும்" என்றார் கிராணி.

"இன்னும் குடிச்சு முடிக்கலங்க ஐயா" என்றான் மாயாண்டி.

"தூக்கிப் பிடிச்சா ஐயா சட்டையில ஊத்திடும்" என்றார் காக்கா, ரொம்பப் பணிவாக. "கையில வாங்கி நீங்களே பாத்துக்கங்க."

குவளை அந்தரத்தில் நின்றது. கிராணியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. குவளையையும் பார்த்தார், தன் வெள்ளைக் கையுறை போன்ற கௌரவத்தையும் நினைத்துப் பார்த்தார். "வேண்டாம், வேண்டாம். நம்பிக்கைதான் முக்கியம்" என்றார். பெஞ்சில் யாரோ இருமினார்கள். நான் கிராணியோடு சேர்ந்து நிம்மதியாகச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காக்கா மௌத்தான அன்று பிற்பகல், அடக்கம் முடிந்தபிறகு, மாயாண்டியும் நானும் கொட்டகையைச் சுத்தம் செய்தோம். மாயாண்டி குவளைகளைக் கழுவி, பலகையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். முதல் குவளையில் சிவப்புப் பொட்டு. இரண்டாவதில் பொட்டு. பத்தாவதில் பொட்டு. முப்பத்திரண்டு குவளைகள், பலகை முழுக்கச் சிவப்பு. பொட்டில்லாத குவளை ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை.

"டேய், இது எப்போ?"

"மொத நாள்லேருந்தே அப்படித்தாண்ணே. ரோட்ட மறிக்கிற கட்டைக்கு அடிப்போமே, அந்தச் செவப்பு பெயிண்டு. நாங்கதான் கொண்டாந்து வச்சோம். வருஷா வருஷம் அழிஞ்சிரும், கடுதாசி வர்றதுக்கு முன்னால மறுபடி வப்போம்."

"ஒங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"பெஞ்சுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

மாயாண்டி குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "காக்காதான் வேணாம்னாரு. 'சவரிக்கு உள்ள உக்காந்திருக்கிறது பிடிச்சிருக்கு, இருந்துட்டுப் போகட்டும்'னாரு."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் பெக்கோக் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்துக் கடையில் அவருக்குக் கொட்டாங்கச்சியில்தான் தேநீர். அவர் அதைத் தானே கழுவிக் கடைக்குப் பின்னால் செருகி வைப்பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காக்காவிடம் மட்டும், வந்த புதிதில், ஒரு மழை நாளில் சொன்னேன். அப்படிப்பட்டவன் அவருக்குச் சொன்ன யோசனைதான் சிவப்புக் கோடு. அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார் என்று மேலே எழுதினேன் அல்லவா? அது பாராட்டு அல்ல.

பேசிக்கொண்டிருக்கும்போதே குடை தெரிந்தது. பெரிய கிராணி பென்ஷன் வாங்கி ஒரு வருஷமாகிறது, இருந்தாலும் வந்தார். கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் சட்டென்று பலகையின் மேல் துணியை இழுத்துப் போட்டேன்.

"சவரிமுத்து, மரைக்காயர் எனக்கென்று தனியாக வைத்திருந்த குவளை ஒன்று உண்டு. ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

நான் மாயாண்டியைப் பார்த்தேன். மாயாண்டி அப்போதுதான் ஒரு குவளையில் மிச்சத் தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். ஐயாவுக்கு முதுகைக் காட்டிக் கடைசி மடக்கைக் குடித்தான். குவளையை வாளியில் முக்கினான், துடைத்தான், அடியிலிருந்த பொட்டை ஐயாவிடம் காட்டினான். கிராணி அதைக் கைக்குட்டையில் சுற்றி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக் கண்ணாடி அலமாரியில், துரை கொடுத்த நற்சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகக் கேள்வி.

காக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் ஒரு குவளைதான். பொட்டு வைத்த ஒன்பது வருஷமும் அதில் யார் யார் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதை என் மேசையில் கவிழ்த்தே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் பொட்டைத்தான் பார்ப்பார்கள். கேட்டால் என் தகப்பனாரின் கொட்டாங்கச்சியிலிருந்து கதையை ஆரம்பிக்கிறேன். அதில் மட்டும் ஒன்றும் கூட்டிச் சொல்வதில்லை.

கிராணி ஐயா, நீங்களும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர். இதைப் படித்துவிட்டு அலமாரிப் பக்கம் ஓட வேண்டாம். மாயாண்டி அதை நன்றாகக் கழுவித்தான் கொடுத்தான்.