பொட்டு வைத்த பூனை

தாராவியில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் சாலில் குடியிருந்த பிள்ளைகளில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா மாட்டுங்காவிலிருந்து எப்போதாவது வாங்கி வரும் சிறுவர் பத்திரிகையில் ஒரு துப்பறியும் பூனையின் கதை வரும். அந்தப் பூனைக்கு எல்லாம் தெரியும், மனிதர்களிடம் பேசத்தான் தெரியாது. தடயத்தை வாயில் கவ்வியோ வாலில் ஒட்டியோ கொண்டுவரும். மண்டு மனிதர்கள் அதைச் "சூ" என்று விரட்டுவார்கள். எந்தக் கதையிலும் பேய் கடைசிவரை பேயாக இருந்ததில்லை. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த அறையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் நெடுநாள் காய்ச்சலில் கிடந்தாள். ஊர்க்காரர் ஒருவரோடு அவளைத் திருநெல்வேலிக்கு ரயிலேற்றி விட்டதாக ஒருநாள் அவன் சொன்னான். கொஞ்ச நாள் கழித்து, போன இடத்தில் இறந்துவிட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சாலே கூடி அழுதது. என் அம்மா மாரடித்து ஒப்பாரி வைத்தாள். பிறகு அவன் வழக்கம்போல் கதவைப் பூட்டிவிட்டுக் குர்லா பட்டறைக்குப் போய்வர ஆரம்பித்தான்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம் தொடங்கியது. ஆண்கள் வேலைக்குப் போய், சந்து ஓய்ந்து கிடக்கும் உச்சிவேளையில், சுவரின் அந்தப் பக்கம் யாரோ நகத்தால் சுரண்டுவார்கள். நடுநடுவே ஒரு முனகல் கேட்கும். அம்மா சுவரோரம் வேப்பிலை செருகினாள், சூடம் கொளுத்தினாள், சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயி, சின்ன வயசுல போயிட்ட, பாவந்தான். பிள்ளைங்க இருக்குத வீடு இது. போயிரு தாயி, உன் வழியப் பாத்துப் போயிரு."

அம்மா அப்படிச் சொன்னதும் சுரண்டல் நின்றுவிடும். சத்தத்தைவிட அது நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அடுத்த அறைக்காரி சோறு போட்டு வளர்த்த வெள்ளைப் பூனை ஒன்று, பின்புறம் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கு வழியாக அந்த அறைக்குள் போய்வரும். ஒருநாள் அது நெற்றியில் சிவப்போடு வந்தது. தோல் பதனிடும் ஷாப்புச் சாயம் பட்டிருக்கும் என்றார்கள். மறுநாளும் அப்படியே வந்தது. வட்டமாக, இரண்டு கண்ணுக்கும் நடுவில், பார்த்துப் பார்த்து வைத்த குங்குமப் பொட்டு. பெண்கள் அலறிக்கொண்டு கல்லெறிந்தார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் தடயத்தோடு வந்த பூனையை விரட்டும் மண்டுகளை நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

"யம்மா, உள்ள ஆள் இருக்கு."

"வாயக் கழுவுட்டி. செத்தவளப் போயி ஆளுங்கியே."

வெள்ளிக்கிழமை அம்மா எனக்குக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். அந்தச் சரத்தை அவிழ்த்து, யாரும் பார்க்காதபோது பூனையின் கழுத்தில் கட்டினேன். பூனை இடுக்கில் நுழைந்தது. நான் சுவரில் காதை வைத்தேன். மூச்சு விடும் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. அது என்னுடையதா, அந்தப் பக்கத்துடையதா என்று தெரியவில்லை. பூனை திரும்பி வந்தபோது பாதிச் சரம்தான் இருந்தது.

"பூவுக்கு ஏங்கிச் செத்திருக்கா பாவி" என்று அம்மா அதைப் பிய்த்தெறியப் போனாள். போன கை அப்படியே நின்றது. சரத்தைப் பாதியில் அறுத்து, பூ உதிராமலிருக்க நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. எங்கள் சாலில் பெண்கள் பூவைப் பங்கு வைப்பது அப்படித்தான். பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, கொடுத்தவளின் பாதிக்கு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

"பேய் எதுக்குட்டி நம்ம பங்கத் திருப்பித் தருது?"

கேட்டுவிட்டு அம்மா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டின் மேல் ஓங்கிப் போட்டாள்.

உள்ளே இருட்டும் நாற்றமும். எலும்பும் தோலுமாக அவள் பாயில் கிடந்தாள். தலைமாட்டில் புளித்த கஞ்சி, குங்குமச் சிமிழ். காய்ந்த முடியில் எங்கள் கனகாம்பரம். அவன் ஊரில் வேறு பெண் பார்த்து வைத்துவிட்டு, இவள் மூச்சு தானாக நிற்கட்டும் என்று காத்திருந்தது பிறகு தெரிந்தது. அவனை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அம்மா அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். பாயில் கிடந்தவளுக்குக் குரல் போயிருந்தது. வெறும் காற்றாகத்தான் பேசினாள்.

"நீங்க ஒப்பாரி வச்சது, போயிரு போயிருன்னு சொன்னது, எல்லாம் கேட்டுச்சுக்கா. நான் செத்தது நெசந்தானோன்னு ஆயிட்டு. அதான் பூனைக்குப் பொட்டு வச்சு வச்சுப் பாத்தேன், என் கையால வச்சா ஒட்டுதான்னு."