காதல் நாவலில் விசாரித்த மாப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பனி இன்னும் கரையாத ஒரு மார்ச் மாதம். மகளுக்கு எட்டு மாதம். டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் நானும் அவளுமாகப் பகல்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். நான் இயல்பிலேயே பயந்தவள். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். குழந்தை பிறந்த பிறகு அது கூடிப்போனது. நித்திரையாக இருப்பவளுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்து, அவளை எழுப்பியும் விடுவேன்.

அப்படியொரு மதியம் என் தங்கை வந்தாள். புறநகரான ஸ்ரௌவ்வில்லில் அம்மாவோடு இருப்பவள், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டிலேயே பிறந்தவள். குழந்தையின் விளையாட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, நான் ஒராளை விரும்புறன். கனகாலமா. அவற்ற பேரன்ட்ஸ் ஜமேக்கா. ஐ'ம் சீரியஸ். நீங்கதான் அம்மாட்டச் சொல்லோணும்."

அப்பா இல்லை. ஆண் சகோதரர்களும் இல்லை. மூத்தவள் நான். சரி என்றேன். அவள் போன பிறகு கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் என்றால் முதலில் விசாரிக்க வேண்டும். எனக்குப் பேசியபோது அம்மா யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் மொன்றியலுக்கும் போன் எடுத்தார். என் கணவருடைய தாத்தா எந்த நோயில் இறந்தார் என்பதுகூட அந்த வாரமே தெரிந்துவிட்டது. ஜமேக்காக் குடும்பத்தை யாரிடம் விசாரிப்பது? என் கணவரிடம் கேட்டேன்.

"ஏன், ஜமேக்காவிலை உங்கட மாமா ஆரும் கடை வச்சிருக்கேல்லையே?" என்று சிரித்தார்.

அந்த வாரம் குழந்தையைக் கதை சொல்லும் வகுப்புக்காக நூலகத்துக்குக் கொண்டுபோனேன். வாசலருகே ஒரு அலுமாரி நிறையக் கரீபியக் காதல் நாவல்கள். அட்டையில் கடல், பின்னால் மாலை வெயில், நடுவில் ஒருவரை ஒருவர் அணைத்தபடி ஒரு கறுப்பினப் பெண்ணும் ஆணும். இரண்டை எடுத்து, அட்டை தெரியாமல் ஸ்ட்ரோலரின் கீழ்த் தட்டில் டயப்பர் பைக்கு அடியில் வைத்தேன். விசாரிக்க ஆள் இல்லாதவள் வேறு என்ன செய்வாள்?

பால் கொடுக்கும்போது வாசித்தேன். காதலுக்காக அல்ல, துப்பறியத்தான். இவன் குடிக்கிறானா? கை நீட்டுகிறானா? தாயை மதிக்கிறானா? முதல் நாவலின் நாயகன் படகு திருத்துபவன். நாயகி நாற்பதை நெருங்கும் ஆசிரியை. நல்ல கறுப்பு, பருத்த உடம்பு. அவள் மெலிய வேண்டும், வெளுக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒருவருமே சொல்லவில்லை. அவளுடைய நிறத்தை அவன் ஒரு பக்கம் முழுக்க வியந்துகொண்டிருந்தான். என் மகள் பிறந்தபோது வந்த முதல் போன்களிலேயே "நிறம் ஆரைப் போல?" என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் அவளை வீட்டுக்கு அழைத்துப்போவதற்கு ஒரு முழு அத்தியாயம். நீ எந்த ஊர், எந்தச் சேர்ச், உன் தாய் யாருடைய மகள் என்று அவனுடைய அன்ரிமார் துளைத்தெடுக்கிறார்கள். எங்கள் அன்ரிமாரேதான்! ஆனாலும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. இவ்வளவு அன்பு வைத்தவர்கள் தப்ப மாட்டார்கள், யாரோ சாகப்போகிறார்கள் என்றுதான் மனம் சொன்னது. பொறுக்க முடியாமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இருவரும் உயிரோடிருந்தார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாவலிலும் அப்படித்தான். அடுத்த வாரம் போய் இன்னும் சிலவற்றை எடுத்துவந்தேன். அப்போது நான் விசாரிப்பதை மறந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீடுகளில் கறுப்பினத்தவரைக் குறிக்க ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லித்தான் தொடங்கினார்.

"அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ அம்மா."

"சரி, விசாரிச்சனியே?"

"ஓம்."

"ஆரிட்டை?"

"வாசிச்சனான்."

"பேப்பரிலை வாற அளவுக்கு என்னடி செய்தவன்?"

ஒருவழியாக, வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா இறங்கினார். அதுவும் என் வீட்டில். ஸ்ரௌவ்வில்லில் பக்கத்து வீடுகளெல்லாம் எங்கள் ஆட்கள், கண்டால் கதைப்பார்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் தன் தாயோடு வந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்மணி, என் அம்மாவின் வயதுதான் இருக்கும். கையில் கறுத்த பழக் கேக். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். குளிர் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. என் கணவர் கேட்டபோதும் வேண்டாம் என்று தலையசைத்தார். கண் மகனைவிட்டு அகலவே இல்லை.

"பார், ஜக்கெற்றும் கழட்டேல்லை. எங்களை மதிக்கேல்லை," என்று அம்மா என் காதில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தங்கையின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஒரு தேத்தண்ணியோடு எல்லாம் முடியப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மகள் தவழ்ந்து போய், சோபாவுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த நாவலை இழுத்து, அட்டையைக் கடிக்கத் தொடங்கினாள். அணைத்தபடி நின்ற இருவரையும் அம்மா பார்த்துவிட்டார். அந்தப் பெண்மணி குனிந்து புத்தகத்தைக் குழந்தையின் வாயிலிருந்து மெல்ல விடுவித்து, எச்சிலைத் துடைத்து, என்னைப் பார்த்தார்.

"நீயா இதை வாசிக்கிறாய்?"

பயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. உங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க எங்களுக்கு யாரையும் தெரியாது, அதனால்தான் என்று ஆங்கிலத்தில் உளறிவிட்டேன். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் உங்கள் தமிழ்ச் சினிமாக்களைப் பார்த்தேன். நானும் என் அக்காவும், வரிசையாக. எல்லாவற்றிலும் ஒரு பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுடைய அண்ணன்மார் ஜீப்பில் வந்து அவனை வெட்டுகிறார்கள். என் பிள்ளையை நான் தனியே அனுப்புவேனா? உங்களுக்கு அண்ணன்மார் இருக்கிறார்களா?"

கேக் வெட்டுவதற்காகக் கத்தியோடு சமையலறை வாசலில் நின்ற என் கணவர் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முதலில் சிரித்தது அந்தப் பையன்தான். பிறகு அவனுடைய தாயும் சிரித்தார். எந்த நேரமும் எழுந்து போகத் தயாராகத்தான் ஜாக்கெட்டோடு இருந்தாராம். தன் வீட்டிலும் இந்த நாவல்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன என்றார். "கிழமை முழுக்கப் பிற பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். இதில் என்னைப் போல ஒருத்தியை ஒருவன் மனதார விரும்புகிறான். அதற்காக யாரும் அவளைத் தண்டிப்பதில்லை. எனக்கு அது போதும்."

தங்கை எல்லாவற்றையும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள்.

"ஐயோ, உது இந்தியப் படமெல்லே! நாங்கள் வெட்டமாட்டம் எண்டு சொல்லு," என்று பதறினார் அம்மா. பிறகு குரல் தாழ்ந்தது. "ஒதுக்கி வச்சு, கதைக்காமல்தான் விடுவம்."

அந்தக் கடைசி வரியைத் தங்கை மொழிபெயர்க்கவில்லை. அம்மா எழுந்தார். "ஜக்கெற்றைக் கழட்டச் சொல்லு. சோறு போடுறன், சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

போன கோடையில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. சொந்தத்தில் சிலர் வரவில்லை. சிலர் இன்றுவரை அம்மாவுக்குப் போன் எடுப்பதும் இல்லை. அம்மாவுக்கு அது வருத்தம்தான். எனக்கும் பயங்கள் போய்விடவில்லை. ஆனால் எங்கள் வீட்டைப் பார்த்தும் ஒரு தாய் தன் பிள்ளைக்காக நடுங்கியிருக்கலாம் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது யாரைப் பற்றியாவது பயம் வந்தால், அவர்கள் எங்களை நினைத்து என்ன பயப்படுகிறார்களோ என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கிறேன்.